கூலிக்கு ஏற்றும் படகு: 1860 சட்டத்திலிருந்து வெண்ணமடைக் குளம் வரை

இந்திய தண்டனைச் சட்டத்தில் 282 என்று ஒரு பிரிவு இருந்தது. அதிகம் பேசப்படாத பிரிவு. ஓட்டை உடைசலான படகிலோ, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகிலோ, கூலி வாங்கிக்கொண்டு ஒருவரை நீர்வழியே கொண்டுபோய், அதனால் அவர் உயிருக்கு ஆபத்து வரும்படி செய்தால் குற்றம். தெரிந்தே செய்தாலும் சரி, கவனக்குறைவால் செய்தாலும் சரி. தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதை எழுதிய வருஷம் 1860. ஆயிரம் ரூபாய் என்பது அன்றைக்கு ஒரு படகுக்காரனின் மொத்தச் சொத்தையும் விற்றாலும் தேறாத தொகை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது இதே பிரிவு 284-ஆக மாறியது. சிறைக்காலம் அதே ஆறு மாதம். அபராதம் ஐயாயிரம். 164 வருஷத்தில் ஐந்து மடங்கு, அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு குடும்பம் குத்தாலத்தில் ரெண்டு நாள் தங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனாலே அதைவிடக் கூட ஆகும்.

ஆட்கள் செத்துப்போனால் வேறு பிரிவுகளும் சேரும், அது உண்மை. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான 304-ஏ பிரிவை 1870-ல் சேர்த்தார்கள். அதில் இரண்டு ஆண்டு வரை சிறை. புதிய சட்டத்தில் 106-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை. ஆனால் நான் 282-ஐப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அது யாரும் சாவதற்கு முன்பே வேலை செய்ய வேண்டிய பிரிவு. படகு கவிழ வேண்டியதில்லை, ஆபத்தான நிலையில் ஆள் ஏற்றினாலே குற்றம். அந்தப் பிரிவைக் கரையில் வைத்துப் பயன்படுத்துவதை நாம் எங்கேயாவது பார்த்திருக்கிறோமா? இந்தக் குறிப்புகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கின.

தென்காசிக்காரனுக்கு இதில் என்ன வேலை?

குத்தாலத்துக்கு வருகிறவர்கள் அருவியை நினைத்துத்தான் வருவார்கள். ஜூனில் சாரல் கட்டி, ஐந்தருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் சீசன். அதோடு சேர்ந்து இன்னொன்றும் தொடங்கும். ஐந்தருவி போகும் வழியில் வெண்ணமடைக் குளம் பெருகியதும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு சவாரி தொடங்கிவிடும். மிதிபடகு, துடுப்புப் படகு. அருவியில் தண்ணீர் கூடிப் போய் குளிக்கத் தடை போட்ட நாளில், பிள்ளைகளைச் சமாதானப்படுத்த எல்லாருக்கும் நினைவுக்கு வருகிற இடம் அது.

நம்ம பக்கத்துக்குப் படகு என்பது புதுசு இல்லை. குளத்தில் தெப்பம் விடுகிற ஊர் இது. சித்திரசபை முன்னால் தெப்பக்குளம் இருக்கிறது. ஆனால் தெப்பத்தில் சாமி ஏறுவார், கூட ஏறுபவர்கள் கோயில் ஆட்கள். ஊரே கரையில் நிற்கும். காசு கொடுத்துப் பொழுதுபோக்குக்காக ஊரே தண்ணீரில் இறங்குவது என்பது மிகச் சமீபத்திய பழக்கம். தெப்பம் கட்டத் தெரிந்த ஊர் என்பதால் சுற்றுலாப் படகு விடத் தெரியும் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். ஆரியங்காவு தாண்டினால் கொல்லம், அங்கிருந்து காயல் வழியாகப் படகிலேயே ஆலப்புழை போய்விடலாம். தேக்கடி ஏரிக்குத் தண்ணீர் தரும் பெரியாறு சிவகிரி மலைப் பக்கம் பிறக்கிறது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள்; சிவகிரி இன்றைய தென்காசி மாவட்டம். இந்தியாவில் படகு விபத்துகளைப் பற்றி ஆணையம் போட்டு அதிகம் விசாரித்த மாநிலமும் கேரளம்தான். அந்தப் பாடம் கணவாய் தாண்டி இங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

முதல் காரணம்: அளவுக்கு மீறிய ஆட்கள்

1924 ஜனவரி 16 இரவு. கொல்லத்திலிருந்து கிளம்பிய 'ரெடீமர்' என்ற பயணப் படகு பல்லனை ஆற்றில் கவிழ்ந்தது. இறந்தவர்களில் மலையாளத்தின் மகாகவி குமாரன் ஆசானும் ஒருவர். படகில் ஏற்ற வேண்டியதைவிட அதிகம் பேர் இருந்தார்கள்.

2002 ஜூலை 27. முகம்மாவிலிருந்து குமரகத்துக்குக் கிளம்பிய அரசு நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். பலர் அரசுப் பணித் தேர்வு எழுதக் கிளம்பிய இளைஞர்கள். 78 வருஷ இடைவெளி, அதே நெரிசல்.

நம்ம மாநிலத்துக்கு வருவோம். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காடு ஏரியில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2014 ஜனவரி 26, போர்ட் பிளேர் அருகே 'அக்வா மரைன்' என்ற சுற்றுலாப் படகு மூழ்கி 21 பேர் பலி. அதில் பெரும்பாலானோர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். அனுமதித்த எண்ணிக்கையைவிட மிக அதிகம் பேர் அதில் ஏறியிருந்தார்கள்.

தேதிகளைக் கவனியுங்கள். கிறிஸ்துமஸ், குடியரசு தினம். கூட்டம் வருகிற நாள்தான் விபத்து நாள். படகோட்டிக்கு வருஷத்தில் சம்பாதிக்கும் நாட்கள் கொஞ்சம்தான். வரிசையில் நிற்கிற குடும்பத்துக்கோ "நாம எல்லாரும் ஒண்ணாப் போகணும்" என்ற ஆசை. இந்த இரண்டும் சேர்கிற இடத்தில் எண்ணிக்கை கரைந்துபோகும். குத்தாலத்து சீசனும் இதே கணக்குத்தான்.

இதற்கு மருந்து கண்டுபிடித்து 150 வருஷம் ஆகிறது. இங்கிலாந்தில் சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் போராடி, 1876-ல் கப்பலின் பக்கவாட்டில் சுமைக்கோடு போட வைத்தார். அந்தக் கோடு தண்ணீருக்குள் போனால் சுமை அதிகம். எழுதப் படிக்கத் தெரியாதவனும் கரையில் நின்றே சொல்லிவிடலாம்.

இரண்டாவது: ஒரு பக்கம் சாய்வது

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் படகு கவிழும். 2009 செப்டம்பர் 30 மாலை தேக்கடியில் அதைப் பார்த்தோம். கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஓட்டை விழுந்த பழைய படகு அல்ல. தண்ணீரில் இறக்கிச் சில வாரங்களே ஆன புதுப் படகு. கரையில் நின்ற காட்டு விலங்குகளைப் பார்க்க மேல்தளத்தில் இருந்தவர்கள் ஒரே பக்கமாக நகர்ந்தார்கள் என்பது அன்றைக்குப் பரவலாக வந்த செய்தி. ஆனால் கேள்வி அங்கே நிற்கவில்லை. விலங்கைக் காட்டுவதற்காகவே விடுகிற படகு அது. பயணிகள் விலங்கு நிற்கிற பக்கம் போகத்தான் செய்வார்கள். அதைத் தாங்குகிற மாதிரி படகு கட்டப்பட்டிருந்ததா? விசாரணையில் படகின் நிலைத்தன்மையே முக்கியமான பேச்சாக இருந்தது.

இதைச் சுலபமாக விளக்கலாம். படகு ஒரு தராசு மாதிரி. எடை கீழே இருந்தால், சாய்ந்தாலும் திரும்ப நிமிரும். எடை மேலே ஏற ஏற நிமிர்கிற பலம் குறையும். மேல்தளத்தில் ஆள், அதுவும் எழுந்து நிற்கும் ஆள், அதுவும் ஒரே ஓரத்தில் என்றால், ஒரு எல்லைக்கு மேல் அது நிமிராது. கவிழ்வதற்குச் சில விநாடி போதும். அடித்தளத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வெளியே வர வழியே இருக்காது.

உலக வரலாற்றில் இதற்குப் பெரிய உதாரணம் சிகாகோவின் 'ஈஸ்ட்லேண்ட்'. 1915 ஜூலை 24 அன்று, தொழிற்சாலை ஊழியர்களின் குடும்பங்களை உல்லாசப் பயணம் கூட்டிப்போக நின்ற கப்பல். துறையை விட்டு நகரவே இல்லை, கட்டிய கயிறோடு ஆற்றுக்குள் புரண்டது. 844 பேர் இறந்தார்கள். இதில் கொடுமை என்னன்னா, டைட்டானிக் மூழ்கிய பிறகு பாதுகாப்புக்காகக் கூடுதல் உயிர்காப்புப் படகுகளை அதன் மேல்தளத்தில் ஏற்றியிருந்தார்கள். ஏற்கெனவே தலைக்கனமான கப்பலுக்கு அது இன்னும் கனம். பாதுகாப்புச் சாமானை வாங்கிவிட்டால் பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மிதிபடகில் இது சின்ன அளவில் நடக்கும். நடுக்குளத்தில் "நீ மிதி, நான் அங்க வாரேன்" என்று இருவர் எழுந்து இடம் மாறுவது. செல்ஃபி எடுக்க மூன்று பேர் ஒரே ஓரத்துக்கு வருவது. பிள்ளை தாமரை இலையைப் பிடிக்கக் குனிவது, அதைப் பிடிக்க அப்பா குனிவது.

மூன்றாவது: படகே தப்பு, நேரமே தப்பு

2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் 'அட்லாண்டிக்' படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் பலர் குழந்தைகள், பலர் ஒரே குடும்பம். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிச் சுற்றுலாப் படகாக்கியது அது. மீன்பிடிப் படகின் எடை அடியில் இருக்கும். அதன்மேல் தளமும் கூரையும் கட்டி ஆளை ஏற்றினால் அது வேறு படகு. பொழுது சாயும் நேரத்தில் கிளம்பியது, கூடுதல் ஆட்கள், எல்லாம் சேர்ந்துகொண்டன.

2019 செப்டம்பர் 15 அன்று கோதாவரியில் கச்சுலூரு அருகே 'ராயல் வசிஷ்டா' மூழ்கியதில் முக்கியக் காரணம் ஆறு வெள்ளத்தில் இருந்தது. போகக் கூடாத நாளில் போன படகு.

நம்ம குளத்துக்கு வெள்ளம் இல்லை, காற்று உண்டு. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூன், ஜூலையில் அடிக்கிற மேல்காற்றை நம்பித்தான் தென்காசி மாவட்டத்தில் இத்தனை காற்றாலை நிற்கிறது. மிதிபடகுக்கு அடி தட்டை, உடல் இலேசு. காற்று தள்ளினால் இரண்டு பேர் மிதிக்கிற மிதி அதற்குப் போதாது. கிழக்குக் கரை ஓரம் ஒதுங்கி, செடியில் சிக்கி, பயந்து எழுந்து நிற்கிறபோதுதான் சிக்கல். காற்று இத்தனை வேகம் வந்தால் படகு விடுவதில்லை என்று ஒரு வரம்பு வைத்து, அதைக் கொடியோ விசிலோ வைத்து அறிவிப்பது ஓட்டுகிறவர் பொறுப்பு. பயணிக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

நான்காவது: மாட்டாத மிதவை அங்கி

அமெரிக்கக் கடலோரக் காவல்படை வருஷா வருஷம் பொழுதுபோக்குப் படகு விபத்துகளின் கணக்கை வெளியிடுகிறது. பல வருஷமாக அதில் முதல் வரிசையில் வருகிற காரணங்கள்: ஓட்டுபவரின் கவனமின்மை, அனுபவமின்மை, சுற்றிலும் பார்க்காமல் ஓட்டுவது, இயந்திரக் கோளாறு, அதிக வேகம். உயிர்ப்பலி விபத்துகளில் அறியப்பட்ட காரணங்களில் முன்னால் நிற்பது குடி. இறந்தவர்களில் சுமார் நாலில் மூன்று பேர் நீரில் மூழ்கித்தான் இறக்கிறார்கள். அப்படி மூழ்கியவர்களில் 85 சதவீதம் அளவுக்கு மிதவை அங்கி மாட்டாதவர்கள். படகில் இருந்திருக்கலாம், உடம்பில் இல்லை.

அங்கே 1971-ல் படகுப் பாதுகாப்புக்கென்று தனி மத்தியச் சட்டம் வந்தது. 1973-ல் 1,700-க்கும் மேல் இருந்த மரணம், 2023-ல் 564. படகுகள் குறையவில்லை. தயாரிப்பாளருக்குத் தரம், ஓட்டுபவருக்குப் பயிற்சி, ஒவ்வொரு விபத்துக்கும் கணக்கு என்ற மூன்றும் சேர்ந்துதான் குறைத்தது என்று நான் வாசிக்கிறேன்.

நம்மிடம் அங்கியை மறுக்கச் சொல்கிற காரணங்கள் தெரிந்தவைதான். "ஈரமா இருக்கு, நாத்தம் அடிக்கு." "போட்டோல நல்லா இருக்காது." "இந்தக் குளம் எத்தனை அடி இருக்கப் போவுது?" கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு பதில். குளத்தின் அடி சிமெண்ட் தரை கிடையாது. சகதியில் கால் புதைந்தால் இடுப்பளவு நீரும் ஆழம்தான். அதிலும் சேலை, சுடிதார் நனைந்து காலைச் சுற்றினால், நீச்சல் தெரிந்தவருக்கும் கஷ்டம். அங்கியை மாட்டினால் போதாது, கொக்கியும் பூட்டியிருக்க வேண்டும். பெரியவர் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டால், தண்ணீரில் விழுந்ததும் அங்கி மேலே வரும், பிள்ளை கீழே நழுவும்.

சட்டம் எங்கே கண்ணை மூடிக்கொண்டது

சென்னை மாகாணத்தில் 1890-லேயே கால்வாய்கள், பொதுத் தோணித்துறைகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஆட்களையும் சரக்கையும் அக்கரை சேர்க்கும் தோணிக்கு உரிமம், துறைக்குக் குத்தகை என்பது அதன் நோக்கம். பிறகு 1917-ல் இந்தியா முழுவதற்குமான உள்நாட்டு நீராவிக் கலங்கள் சட்டம். பதிவு, வருடாந்தரச் சோதனை, ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் இயந்திரத்தால் ஓடும் கலத்துக்கு மட்டும்.

காலால் மிதிக்கும் படகும் கையால் வலிக்கும் படகும் அந்தச் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. சுற்றுலா வளர்ந்து, ஏரிதோறும் குளந்தோறும் படகுக் குழாம் வந்த காலமெல்லாம் இந்த இடைவெளியில்தான் ஓடியது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-ல் படகுப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2021-ல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்து 1917 சட்டத்தை நீக்கியது. இயந்திரம் இல்லாத படகுகளுக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. அவற்றைக் கணக்கெடுத்துப் பதிவு செய்யும் வேலையை உள்ளாட்சிகளிடம் கொடுக்க அது வழி செய்கிறது. 1917-லிருந்து எண்ணினால் 104 வருஷம் கழித்து, மிதிபடகும் ஒரு படகுதான் என்று சட்டம் ஒத்துக்கொண்டது.

ஓட்டுகிறவர் யார்?

இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிற சிக்கல் இது. விபத்து நடந்ததும் முதலில் கைதாவது துடுப்புப் பிடித்தவர். 2007 பிப்ரவரி 20 அன்று தட்டேக்காட்டில் 15 பள்ளிப் பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் இறந்தபோதும் படகோட்டிதான் முன்னால் நிறுத்தப்பட்டார். ஆனால் 2024 ஜனவரி 18-ல் வதோதராவின் ஹர்னி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் மூழ்கியபோது, கேள்வி படகோட்டியைத் தாண்டிப் போனது. ஏரி மாநகராட்சியுடையது. படகு விட்டது ஒப்பந்தக்காரர். ஒப்பந்தம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதையே குஜராத் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது.

என் பார்வையில் 1860 சட்டம் ஒரு சரியான சொல்லைப் பிடித்துவைத்திருக்கிறது: கூலிக்கு. காசு எந்தக் கைக்குப் போகிறதோ, அந்தக் கைகள் எல்லாம் ஓட்டுகிறவர்தான். டிக்கெட் கிழிப்பவர், ஒப்பந்தம் எடுத்தவர், ஒப்பந்தம் கொடுத்த அலுவலகம், மூவரும். அவர்கள் செய்ய வேண்டியது நீண்ட பட்டியல் இல்லை. படகின் உடம்பில் எத்தனை பேர் என்று தமிழில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். மிதவை அங்கியைக் கொக்கி பூட்டிப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். மீட்புக்கு ஒரு படகும் நீச்சல் தெரிந்த ஆளும் எப்போதும் சும்மா நிற்க வேண்டும். கூட்டம் அதிகம் என்று அந்தப் படகையும் சவாரிக்கு விடக் கூடாது. காற்றும் இருட்டும் வந்தால் நிறுத்த வேண்டும். குடித்தவரை ஏற்றக் கூடாது. யார் எத்தனை மணிக்குப் போனார்கள் என்ற பதிவேடு வேண்டும்.

இதில் மிகக் கடினமானது முதல் வேலை, "இதுக்கு மேல ஆள் ஏத்த மாட்டேன்" என்று சொல்வது. தினக்கூலிக்கு நிற்கிற படகோட்டி அதைச் சொன்னால் வரிசையில் நிற்பவர் சண்டைக்கு வருவார், மேலாளர் கணக்குக் கேட்பார். அவர் மறுத்ததற்காக அவரைத் தண்டிக்காத ஏற்பாடு இருந்தால்தான் அவரால் மறுக்க முடியும். ஏற்றியதற்கு மட்டும் அவரைப் பொறுப்பாக்குவது நியாயம் இல்லை.

நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியதும் உண்டு. அண்ணாச்சி "ஆள் கூட இருக்கு, அடுத்த படகுல வாங்க" என்று சொன்னால் சண்டை போடாமல் நிற்பது. அப்படிச் சொல்லாமல் ஏற்றினால் நாமே இறங்கிவிடுவது. அங்கி தராமல் டிக்கெட் மட்டும் தந்தால் காசைத் திருப்பிக் கேட்பது.

தாமிரபரணியிலும் சிற்றாற்றிலும் பாலங்கள் வருவதற்கு முன் எந்தெந்த ஊரில் தோணித்துறை இருந்தது, குத்தகை எடுத்தவர்கள் யார், வெள்ளக் காலத்தில் எப்போது தோணியை நிறுத்தினார்கள் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தால் கேட்டு எழுதுங்கள். தண்ணீர் எந்த அளவுக்கு ஏறினால் தோணி இல்லை என்று கரையில் அடையாளக் கல் வைத்திருந்த ஊர் ஏதாவது இருந்தால், அதை முதலில் போய்ப் பார்க்க ஆசை.